இரண்டு எசமானர்கள், ஒரு பிரதமர்

போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில் நான் அரசமைப்புப் பாடம் நடத்துகிறேன். 74ஆவது பிரிவுக்கு வந்தாலே வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். குடியரசுத் தலைவருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் பிரதமர் தலைமையில் ஓர் அமைச்சரவை இருக்கும் என்கிறது அந்தப் பிரிவு. "அப்ப இதுல யாருப்பா பெரிய ஆளு?" என்று கேட்டால், கடைசி பெஞ்சிலிருந்து "பேருக்கு அவரு, வேலைக்கு இவரு சார்" என்று பதில் வந்துவிடும். சரியான பதில்தான். 1976இல் வந்த 42ஆவது திருத்தம் அமைச்சரவை சொல்வதைக் குடியரசுத் தலைவர் கேட்டே ஆக வேண்டும் என்று எழுத்திலேயே வைத்துவிட்டது. 1978இல் 44ஆவது திருத்தம் ஒரே ஒரு முறை மறுபடி யோசிக்கச் சொல்லலாம் என்று கொஞ்சம் தளர்த்தியது. நம்ம ராமேசுவரத்துக் கலாம்கூட 2006இல் ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதையே மறுபடி நிறைவேற்றியதும் கையெழுத்துப் போட்டார். தேர்வுக்கு இவ்வளவு போதும். அடுத்து 75.

ஆனால் உலகத்தில் பல இடங்களில் இந்தக் கணக்குத் தலைகீழ். ஜனாதிபதியை மக்களே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். படை அவர் கையில். கூடவே ஒரு பிரதமரும் இருக்கிறார். அந்தப் பிரதமருக்கு அங்கே என்ன வேலை? பாடத்திட்டத்தில் இல்லாத இந்தக் கேள்வியை எனக்குள் போட்டுவிட்டவர் ஒரு பெயிண்டர்.

ஒரு கோடை விடுமுறையில் எங்கள் மாடிக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். திருவாதவூர் இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர். 1990இல் படகேறி மண்டபம் வந்த குடும்பம். முகாம்காரர்களில் பெயிண்ட் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. கை சுத்தமாக இருக்கும், பட்டி பார்ப்பதிலேயே தெரிந்துவிடும். அவர் வராந்தாவில் உப்புத்தாள் போட்டுச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருக்க, நான் உள்ளே இந்த 74ஐத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். தேய்க்கிற சத்தம் கொஞ்ச நேரமாக நின்றுபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் கதவுப் பக்கம் வந்து நின்றார்.

"சேர், ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்கண்ணே."

"நீங்கள் இவ்வளவு நேரமும் சொன்ன ஜனாதிபதி, பிரதமரை வீட்டுக்கு அனுப்ப ஏலாதோ?"

"அவரு இஷ்டத்துக்கு முடியாதுண்ணே. மக்களவையில பெரும்பான்மை இருக்கிற வரைக்கும் தொட முடியாது."

அவர் முகத்தில் வெள்ளைத் தூள் அப்பியிருந்தது. அதோடு சிரித்தார். "எங்கட நாட்டில பிரதமர் வெளிநாடு போனா, திரும்பி வரேக்க மந்திரிப் பதவி இருக்குமோ எண்டு பாத்துத்தான் சேர் வரவேணும்."

அவர் சொன்னது 2003ஆம் ஆண்டுக் கதை. அதற்குப் பிறகு வருவோம். முதலில் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

பிரான்ஸில் 1958க்கு முன் அரசுகள் மாதக் கணக்கில்தான் நின்றன. அல்ஜீரியப் போர் நாட்டையே பிளந்துகொண்டிருந்தபோது டி கோல் வந்தார். ஐந்தாம் குடியரசு என்று புது அரசமைப்பு எழுதினார்கள். அதன் 20ஆவது பிரிவு நாட்டின் கொள்கையை அரசாங்கமே தீர்மானித்து நடத்தும் என்கிறது. 21ஆவது பிரிவு அந்த அரசாங்கத்தைப் பிரதமர் வழிநடத்துவார் என்கிறது. எழுத்தில் பார்த்தால் பிரதமர் நல்ல வாட்டசாட்டமாகத்தான் இருக்கிறார். பிரதமரை ஜனாதிபதி நியமிக்கலாம். நீக்கலாம் என்று எங்கும் இல்லை. அவராக ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நடப்பில்? 1972 மே மாதம் பிரதமர் ஷபான்-தெல்மாஸ் நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்குக் கேட்டு அபாரமாக ஜெயித்தார். ஜூலையில் ஜனாதிபதி பொம்பிதூ கடிதத்தைக் கேட்டார்; கொடுத்துவிட்டுப் போனார். பொம்பிதூவுக்கு இந்த வித்தை புதிதல்ல. 1968இல் அவரே பிரதமராக இருந்து தேர்தலில் பெரிய வெற்றி தேடிக் கொடுத்து, அடுத்த மாதமே ஜனாதிபதி டி கோலால் மாற்றப்பட்டவர். 1976இல் பிரதமர் ஷிராக், தன் வேலையைச் செய்யத் தேவையான அதிகாரம் தனக்கு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பதவியை விட்டார். அந்த ஊர் அரசியல் பேச்சில் பிரதமரை 'ஃபியூஸ்' என்றே சொல்வதுண்டு. மின்சாரம் எகிறினால் கட்டை எரியும், வீடு தப்பிக்கும். விலைவாசி ஏறியதா, வேலைநிறுத்தமா, உள்ளாட்சித் தேர்தலில் அடியா? பிரதமரை மாற்று. ஜனாதிபதி ஏழு வருடமும் அசையாமல் இருப்பார்.

இது நம் ஊருக்குப் புதிய விஷயம் இல்லை. மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபத்து வாசலில் குதிரை மேல் ஒருவர் இருப்பாரே, அவரைத் தளவாய் அரியநாத முதலியார் என்பார்கள். விசுவநாத நாயக்கருக்குத் தளவாயாக இருந்து எழுபத்திரண்டு பாளையங்களைப் பிரித்து ஒழுங்கு செய்தவர். அடுத்தடுத்து வந்த நாயக்கர்களுக்கும் அவரே எல்லாம். ராஜாவின் பெயரில் ராஜ்யத்தை நடத்தியவர். இன்னொரு பக்கம், பெயிண்டர் குடியிருக்கும் திருவாதவூரே அமைச்சர் ஒருவரின் ஊர்தான். அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர் வாதவூரர் குதிரை வாங்கப் போன பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டு வந்து, வைகை மணலில் வெயிலில் நிறுத்தப்பட்ட கதை மதுரையில் எல்லோருக்கும் தெரியும். அவர் மாணிக்கவாசகர் ஆனதும், ஆவணி மூலத்தில் நாம் பிட்டுத் திருவிழா கொண்டாடுவதும் தனிக் கதை. இரண்டு பேரில் ஒருவருக்கு எல்லாம் கிடைத்தது, இன்னொருவர் தண்டனை வாங்கினார். ஆனால் இருவருக்கும் எசமான் ஒருவர்தான். ராஜாவுக்குப் பிடித்தால் பதவி, பிடிக்காவிட்டால் மணல்.

பிரான்ஸ், இலங்கை மாதிரி நாடுகளின் பிரதமருக்கு எசமான் இரண்டு பேர். நியமிப்பவர் ஜனாதிபதி, கவிழ்க்கக்கூடியது நாடாளுமன்றம். இரண்டு பக்கமும் அவர் பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டு எசமானர்களும் ஒரே கட்சியாக இருந்தால் பிரதமர் ஜனாதிபதியின் தலைமை எழுத்தர். வேறு வேறு கட்சியாக இருந்தால் பிரதமர்தான் அரசாங்கம். அரசமைப்பில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது, நாற்காலியும் அதுவேதான். இந்த முறையில் பிரதமரின் பலத்தைச் சட்டப் புத்தகத்தில் தேடுவது வீண் வேலை என்பது என் வாதம். சபையில் தலைகளை எண்ணுங்கள், அப்புறம் யார் யாரை வீட்டுக்கு அனுப்ப முடியும் என்று மட்டும் பாருங்கள்.

1986இல் பிரான்ஸில் இது நடந்தது. ஜனாதிபதி மித்தெரான் சோஷலிஸ்ட். நாடாளுமன்றத்தை வலதுசாரிகள் பிடித்தார்கள். முன்பு அதிகாரம் இல்லை என்று விட்டுப் போன அதே ஷிராக் பிரதமராகத் திரும்பி வந்து, இந்த முறை உண்மையிலேயே ஆண்டார். பொதுத்துறை நிறுவனங்களைத் தனியாருக்கு விற்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மித்தெரான் முரண்டு பிடித்தார். சரி என்று ஷிராக் அதையே நாடாளுமன்றத்தில் சட்டமாகக் கொண்டுவந்துவிட்டார். 1997இல் ஷிராக் ஜனாதிபதி. தானே சபையைக் கலைத்துத் தேர்தல் வைத்துத் தோற்றார். எதிர்க்கட்சிப் பிரதமர் ஜோஸ்பானோடு ஐந்து வருடம் ஒரே மேசையில் உட்கார வேண்டியதாயிற்று. வாரத்துக்கு 35 மணி நேர வேலை என்ற சட்டம் அந்தப் பிரதமரின் காலத்தில் வந்ததுதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கிறவர்கள் அங்கிருந்தே இந்தத் தேர்தல்களில் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஒரு வகையில் இது தமிழ்நாட்டுப் பக்கத்து வீட்டுச் செய்தி.

இலங்கைக்கு வருவோம்.

1972இல் இலங்கை குடியரசானபோது அங்கேயும் ஜனாதிபதி நம்மவர் மாதிரிதான். வில்லியம் கோபல்லாவ என்ற பெயர் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? ஆட்சி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவிடம் இருந்தது. 1977 தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் கட்சி 168 இடத்தில் 140 பிடித்தது. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடத்தோடு இரண்டாவதாக வந்து, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். ஜே.ஆர். 1966லிருந்தே ஒன்றைச் சொல்லிவந்தார்: நாடாளுமன்றத்தின் மனம்போன போக்குக்கு ஆடாத, குறிப்பிட்ட வருடங்களுக்கு அசைக்க முடியாத ஓர் ஆட்சித் தலைவர் வேண்டும் என்று. கையில் ஆறில் ஐந்து பங்கு இடம் இருக்கும்போது விடுவாரா? 1978 பிப்ரவரி 4ஆம் தேதி தானே முதல் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி ஆனார். செப்டம்பரில் புது அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது.

பிரான்ஸைப் பார்த்து எழுதியதுதான் என்பார்கள். ஆனால் ஜே.ஆர். கையில் மாவு இன்னும் கெட்டியாகிவிட்டது. இலங்கையில் ஜனாதிபதி நாட்டின் தலைவர் மட்டுமல்ல, அரசாங்கத்துக்கும் அவரே தலைவர், அமைச்சரவைக்கும் அவரே தலைவர். எந்தத் துறையை வேண்டுமானாலும் தானே எடுத்துக்கொள்ளலாம். தேர்தல் முடிந்து ஒரு வருடம் ஆனால் சபையை எப்போது வேண்டுமானாலும் கலைக்கலாம் என்றும் அப்போது இருந்தது. போதாததற்குத் தன் கட்சி எம்.பி.க்களிடம் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களை ஜே.ஆர். வாங்கி வைத்துக்கொண்டார்.

அவருக்குக் கீழே பத்து வருடத்துக்கு மேல் பிரதமராக இருந்தவர் ரணசிங்க பிரேமதாசா. கொழும்பின் ஏழைக் குடியிருப்பிலிருந்து வந்தவர், வீட்டு வசதித் துறையைத் தன் கோட்டையாக வைத்துக்கொண்டவர். 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியோடு ஜே.ஆர். ஒப்பந்தம் போட்டபோது பிரேமதாசாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை, ஊரறிய எதிர்த்தார். என்ன ஆயிற்று? ஒப்பந்தம் கையெழுத்தானது, இந்திய அமைதிப் படை இறங்கியது. நாட்டின் பிரதமர் எதிர்த்தும் ஒரு மயிரிழைகூட எதுவும் மாறவில்லை. அதே மனிதர் 1989 ஜனவரியில் ஜனாதிபதியானார். ஜூன் மாதமே இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று அறிவித்தார். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் போயிற்று. ஜூனில் போர் மறுபடி மூண்டது. எங்கள் பெயிண்டரின் குடும்பம் படகேறியது அதற்கு அடுத்துத்தான்.

பிரதமர் நாற்காலியின் வரம்பைத் தன் உடம்பிலேயே உணர்ந்தவர் அல்லவா, அதனால் ஜனாதிபதியானதும் தன் பிரதமரை எப்படிப் பொறுக்க வேண்டும் என்று பிரேமதாசாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்காவும் கட்சியில் கனத்த ஆட்கள். இருவரையும் விட்டுவிட்டு, சத்தமில்லாத டி.பி. விஜேதுங்காவைப் பிரதமராக்கினார். 1991இல் அந்த இருவரும் சேர்ந்து பிரேமதாசா மீது பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவரப் பார்த்தார்கள் என்பதைப் பார்த்தால் அவர் கணக்குத் தப்பில்லை. ஆனால் சட்டத்தில் இன்னொரு கதவு இருக்கிறது: ஜனாதிபதி இறந்தால், நாடாளுமன்றம் வேறொருவரைத் தேர்ந்தெடுக்கும் வரை பிரதமர்தான் அந்த இடத்தில் இருப்பார். 1993 மே 1ஆம் தேதி குண்டுவெடிப்பில் பிரேமதாசா இறந்தார். ஆபத்தில்லாதவர் என்று பொறுக்கப்பட்ட விஜேதுங்கா ஜனாதிபதியானார்.

இதையெல்லாம்விட எனக்கு எப்போதும் தீராத ஆச்சரியம் சிறிமாவோதான். 1960இல் உலகத்தின் முதல் பெண் பிரதமர். 1964இல் நம் சாஸ்திரியோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார். மலையகத்துத் தோட்டத் தொழிலாளிகளில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று. மண்டபத்தில் வந்து இறங்கி நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் போன குடும்பங்களின் தலையெழுத்தை எழுதிய கை அது. சரியோ தப்போ, ஒரு பிரதமரின் அதிகாரம் என்றால் அது. 1980இல் ஜே.ஆர். அரசு அவருடைய குடிமை உரிமைகளை ஏழு வருடத்துக்குப் பறித்தது. அப்புறம் 1994 நவம்பரில் அவர் மறுபடி பிரதமரானார், 78 வயதில். ஜனாதிபதி யார்? அவர் மகள் சந்திரிகா. உலகத்தின் முதல் பெண் பிரதமர், மகளின் அமைச்சரவையில் மகளுக்கு அடுத்த நாற்காலியில். ஆறு வருடம் அப்படியே இருந்து 2000 ஆகஸ்டில் விலகினார். அக்டோபரில் தேர்தல் அன்று ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் இறந்துபோனார். அந்த ஆறு வருடத்தில் பிரதமர் சிறிமாவோ எடுத்த பெரிய முடிவு ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் என்னால் முடியாது. அவர் திறமை எங்கும் போய்விடவில்லை. நடுவில் 1978 வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது பெயிண்டர் சொன்ன கதை. 2001 டிசம்பரில் ரணில் விக்கிரமசிங்கவின் கட்சி நாடாளுமன்றத் தேர்தலில் ஜெயித்தது. ஜனாதிபதி சந்திரிகா எதிர்க்கட்சி. விடுதலைப் புலிகளின் குண்டில் ஒரு கண் பார்வையை இழந்தவர். 2002 பிப்ரவரியில் நார்வேயின் உதவியோடு புலிகளுக்கும் அரசுக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம். ஒரு பக்கம் பிரபாகரன் கையெழுத்து, இன்னொரு பக்கம் பிரதமர் ரணிலின் கையெழுத்து. முப்படைத் தளபதியான ஜனாதிபதியின் கையெழுத்து அதில் இல்லை. தன்னைக் கலக்காமல் செய்துவிட்டார்கள் என்று சந்திரிகா கடைசி வரை குறைபட்டார். ஆனாலும் யாழ்ப்பாணம் போகும் ஏ9 சாலை திறந்தது. முகாம்களில் இருந்து சிலர் ஊருக்குப் போய் வீட்டுச் சுவர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்கள். பெயிண்டரின் மாமா போய் வந்து, கிணறு மட்டும் அப்படியே இருக்கிறது என்றாராம்.

2003 அக்டோபர் 31ஆம் தேதி புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபை என்று தங்கள் திட்டத்தை நீட்டினார்கள். ரணில் புஷ்ஷைப் பார்க்க வாஷிங்டன் போயிருந்தார். நவம்பர் 4ஆம் தேதி சந்திரிகா பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் மூன்று அமைச்சகங்களையும் தன்னிடம் எடுத்துக்கொண்டார். நாடாளுமன்றத்தையும் ஒத்திவைத்தார். சட்டப்படி எல்லாம் சரி. பேச்சுவார்த்தை நடத்துகிறவர் ஒருவர், படையைக் கையில் வைத்திருக்கிறவர் இன்னொருவர் என்று ஆன பிறகு எதிரே உட்காருகிறவர் யாரோடு பேசுவார்? 2004 பிப்ரவரியில் சபை கலைக்கப்பட்டது. ஏப்ரல் தேர்தலில் சந்திரிகாவின் கூட்டணி வந்து மகிந்த ராஜபக்ச பிரதமரானார். அங்கிருந்து 2005இல் ஜனாதிபதி நாற்காலி, அங்கிருந்து 2009இல் போரின் முடிவு. இரண்டு தலை அரசமைப்பு மட்டும்தான் அந்த அமைதியைக் கெடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். புலிகள் தரப்பிலும் கொழும்புத் தரப்பிலும் காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் ஒரு சமாதானத்துக்கு இரண்டு கையெழுத்து தேவைப்படும் நாட்டில் ஒரு கையெழுத்தோடு ஆரம்பித்தார்கள் என்பது இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அதிகாரம் இரண்டாகப் பிரிந்தால் ஒருவரை ஒருவர் கட்டுப்படுத்துவார்கள், மக்களுக்கு நல்லது என்று சிலர் எழுதுகிறார்கள். பிரான்ஸில் ஓரளவுக்கு அப்படித்தான் நடந்தது. இலங்கையில் 2018ஐப் பார்த்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

2015இல் மைத்திரிபால சிறிசேனா ஜனாதிபதி, ரணில் பிரதமர். ஒன்றாகச் சேர்ந்து ஜெயித்தவர்கள். 19ஆவது திருத்தம் கொண்டுவந்து ஜனாதிபதியின் கையைக் கட்டினார்கள்: நாலரை வருடம் ஆகாமல் சபையைக் கலைக்க முடியாது, பிரதமரை இஷ்டத்துக்கு நீக்கவும் முடியாது. 2018 அக்டோபர் 26ஆம் தேதி இரவு, தான் போட்ட முடிச்சைத் தானே அறுத்து, ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார் சிறிசேனா. ரணில் பிரதமரின் இல்லமான அலரி மாளிகையை விட்டு அசையவில்லை. நாட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பிரதமர். சபையில் மகிந்தவுக்குத் தலை எண்ணிக்கை தேறவில்லை என்றதும் நவம்பர் 9ஆம் தேதி சபையையே கலைத்தார். உச்ச நீதிமன்றம் தடை போட்டது. சபை கூடியபோது எம்.பி.க்கள் மிளகாய்த்தூளை வீசினார்கள். டிசம்பர் 13ஆம் தேதி ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக, கலைத்தது செல்லாது என்றார்கள். 16ஆம் தேதி ரணில் மறுபடி பதவியேற்றார்.

நீதிமன்றம் ஜெயித்தது, ஜனநாயகம் ஜெயித்தது என்று அப்போது நானும் சந்தோஷப்பட்டேன். பதவி திரும்பியது, பகை தீரவில்லை. பாதுகாப்பும் போலீசும் ஜனாதிபதி கையில் இருந்தன. தேசியப் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமரை அழைப்பதே இல்லை. 2019 ஏப்ரல் தொடக்கத்தில் இந்திய உளவுத்துறை தாக்குதல் நடக்கப் போகிறது என்று கொழும்புக்கு எச்சரிக்கை அனுப்பியது. அது பிரதமரிடம் போகவில்லை. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டுகள். 250 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டு எசமானர்கள் பேசிக்கொள்ளாத வீட்டில் கதவைத் தாழிட யாரும் இல்லை.

அப்புறம் அண்ணன் தம்பி காலம். 2019 நவம்பரில் கோத்தபய ஜனாதிபதி, அண்ணன் மகிந்த பிரதமர். முன்னாள் ஜனாதிபதியான அண்ணன் தம்பிக்குக் கீழே! 20ஆவது திருத்தம் வந்து 19ஐ அழித்தது. 2022இல் டாலர் தீர்ந்து, பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசை. தனுஷ்கோடி மணல் திட்டில் மறுபடி ஆட்கள் வந்து இறங்கினார்கள். வீதியில் எல்லோரும் போகச் சொன்னது தம்பியை. மே 9ஆம் தேதி விலகியது அண்ணன். கட்டை எரிந்தும் வீடு தப்பவில்லை. ஜூலையில் ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனம் புகுந்து நீச்சல் குளத்தில் குளித்தது. தம்பியும் பதவியை விட்டார். நடுவில் பிரதமராக்கப்பட்டிருந்த ரணில், விஜேதுங்கா நுழைந்த அதே கதவு வழியாகத் தற்காலிக ஜனாதிபதியாகி, ஜூலை 20ஆம் தேதி சபையில் 134 ஓட்டு வாங்கி அந்தப் பதவியில் அமர்ந்தார். பல முறை பிரதமராகி ஒரு முறையும் முழுக்காலம் முடிக்காதவர், ஜனங்கள் ஓட்டுப் போடாமலே ஜனாதிபதி.

நம் ஊரிலும் அவ்வப்போது யாராவது, இந்தியாவுக்கு அமெரிக்கா மாதிரி, பிரான்ஸ் மாதிரி ஜனாதிபதி ஆட்சி வந்தால் எல்லாம் டக்கென்று நடக்கும் என்பார்கள். டீக்கடையில் இதைச் சொல்கிறவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. வகுப்பில் சொன்னால் விட மாட்டேன். 1948 நவம்பரில் அரசமைப்பு வரைவை அவையில் வைத்துப் பேசும்போது அம்பேத்கர் இதைத்தான் விளக்கினார்: நிலைத்தன்மையும் பொறுப்பும் ஒரே அளவில் கிடைக்காது, நாம் பொறுப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், இங்கே ஆட்சியாளர் தினமும் சபைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று. ஜே.ஆர். கேட்டது நிலைத்தன்மை. இலங்கைக்கு அதுவாவது கிடைத்ததா என்று 2018ஐயும் 2022ஐயும் வைத்து நீங்களே பாருங்கள். இங்கேயும் பிரதமர் பலசாலியாகி அமைச்சரவை தலையாட்டும் காலம் வரும்; 1975 ஜூன் 25ஆம் தேதி இரவு அமைச்சரவை கூடாமலே நெருக்கடிநிலை அறிவிப்பில் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டதும் இதே நாட்டில்தான். ஆனால் நம் பிரதமரைச் சபை கவிழ்க்கலாம். இலங்கையில் சபை கவிழ்க்கக்கூடியவர் ஆட்சியின் தலைவரே இல்லை.

ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவர்கள் இலங்கையில் வரிசையாக இருக்கிறார்கள். 1994இல் சந்திரிகா, 2005இல் மகிந்த, 2015இல் சிறிசேனா, 2024இல் அநுர குமார திசாநாயக்க. முதல் மூவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபின் அது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை போலும். அநுரவின் கட்சிக்கு 2024 நவம்பரில் 225இல் 159 இடம் கிடைத்தது; மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். பிரதமர் ஹரிணி அமரசூரிய, பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், அதே கட்சி. ஆகவே மேலே சொன்ன தலை எண்ணும் கணக்குப்படி அவர் ஜனாதிபதியின் பிரதமர்.

அந்தக் கணக்கு மாறுமா? பிரான்ஸ் 2000இல் வாக்கெடுப்பு நடத்தி ஜனாதிபதியின் காலத்தை ஏழிலிருந்து ஐந்தாகக் குறைத்தது, இரண்டு தேர்தலும் அடுத்தடுத்து வந்தால் இரண்டு எசமானர்களும் ஒரே ஆளாகிவிடுவார்கள் என்று. இருபது வருடம் பலித்தது. 2024 ஜூனில் ஜனாதிபதி மக்ரோன் சபையைக் கலைத்தார். வந்த சபையில் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. பார்னியே டிசம்பரில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் விழுந்தார். 1962க்குப் பிறகு அப்படி விழுந்த முதல் பிரதமர். பைரூ 2025 செப்டம்பரில் விழுந்தார். அடுத்து வந்த லெகோர்னு அக்டோபரில் ராஜினாமா செய்து, நாலே நாளில் மறுபடி நியமிக்கப்பட்டார். இலங்கையிலும் இப்போது இரண்டு பதவிக்காலமும் ஐந்து வருடம், இரண்டும் 2029இல் முடிகின்றன. 21ஆவது திருத்தத்தின்படி சபைக்கு இரண்டரை வருடம் ஆனதும் ஜனாதிபதி அதைக் கலைக்கலாம். 2027 மே மாதத்திலிருந்து அந்தச் சாவி அநுரவின் சட்டைப் பையில் இருக்கும்.